என்எஃப்எஸ் மவுண்ட் ஆக மறுக்கிறதா? அறிகுறியிலிருந்து தொடங்குங்கள்

என்எஃப்எஸ் என்பது ஒரு கணினியின் ஃபோல்டரை நெட்வொர்க் வழியாக மற்றவற்றுக்குப் பகிரும் முறை. பகிர்வது சர்வர், வாங்குவது கிளையன்ட், வாங்கியதைத் தன் ஃபோல்டர் ஒன்றில் பொருத்துவது மவுண்ட். கல்லூரி லேப், சிறிய அலுவலகம், வீட்டிலுள்ள நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் மாட்டும் சேமிப்புப் பெட்டி) என்று எங்கே என்எஃப்எஸ் போட்டாலும் வருகிற கோளாறுகள் அநேகமாக ஒன்றேதான். இடமும் ஆளும் மாறும், பிழைச் செய்தி மாறாது. அதனால் இதை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் திரையில் என்ன வருகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் சுலபமாகச் சரிசெய்யக்கூடிய காரணம் முதலில், பெரிய வேலை கடைசியில்.

சர்வரும் கிளையன்டும் உபுண்டு அல்லது டெபியன் என்று வைத்துக்கொள்கிறேன். ராக்கி, அல்மா போன்ற ரெட் ஹேட் குடும்பத்தில் வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன். கட்டளைகள் ஒலிப்பின்படி தமிழில் இருக்கின்றன. டெர்மினலில் வழக்கமான எழுத்தில் அடியுங்கள். உதாரணங்களில் சர்வரின் ஐபி 192.168.1.10, அது பகிரும் ஃபோல்டர் /டேட்டா, கிளையன்டில் அதைப் பொருத்தும் இடம் /பொது.

எதையும் தொடும் முன்

முதல் கேள்வி: ஒரு கணினியில் மட்டும் வரவில்லையா, எல்லாவற்றிலுமா? எல்லாவற்றிலும் என்றால் கிளையன்ட் பக்கமே போகாதீர்கள், சர்வரில் உட்காருங்கள். ஒன்றில் மட்டும் என்றாலும் அந்தக் கணினிதான் குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது. அதன் ஐபி மாறிப்போய், யாருக்குப் பகிரலாம் என்ற சர்வரின் பட்டியலுக்கு வெளியே நின்றுகொண்டிருக்கலாம். என்எஃப்எஸ்ஸில் கோளாறு தெரிகிற கணினியும் கோளாறு இருக்கிற கணினியும் பெரும்பாலும் வேறு வேறு.

இரண்டாவது, மவுண்ட் கட்டளையோடு -வி சேர்த்து ஓட்டுங்கள். எந்த முகவரிக்கு, எந்தப் பதிப்பில், எந்த போர்ட்டில் முயல்கிறது என்று வரி வரியாகக் காட்டும். சும்மா ஓட்டினால், தற்காலிகமானது என்று அது நினைக்கும் பிழைகளுக்கு 2 நிமிடம் வரை சத்தமில்லாமல் திரும்பத் திரும்ப முயன்றுவிட்டு ஒரே ஒரு வரியைக் கக்கும்.

மூன்றாவது, தேடியவுடன் கிடைக்கிற சர்வரோக நிவாரணிகளை ஒட்டாதீர்கள்: நோலாக், சாஃப்ட், நோ_ரூட்_ஸ்குவாஷ், ஃபோல்டருக்கு 777 அனுமதி. இந்த நான்கும் செய்தியைத்தான் மறைக்கும், கோளாறை அல்ல. பிறகு வருகிறவருக்கு எங்கே தொடங்குவது என்றே தெரியாது.

அறிகுறி: "பேட் ஆப்ஷன், பேட் சூப்பர்பிளாக்" என்று உடனே திட்டுகிறது

பார்த்தால் டிஸ்க் போய்விட்டது போலப் பயமுறுத்தும். டிஸ்க்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. செய்தியின் வாலில் "ஹெல்ப்பர் புரோகிராம்" தேவை என்று இருக்கும், அதுதான் விஷயம். கிளையன்டில் என்எஃப்எஸ் தொகுப்பு நிறுவப்படவில்லை. உபுண்டு, டெபியனில் என்எஃப்எஸ்-காமன். ரெட் ஹேட் குடும்பத்தில் என்எஃப்எஸ்-யுடில்ஸ். நிறுவிவிட்டு மறுபடி முயலுங்கள்.

நிறுவியும் அதே செய்தி என்றால் ஆப்ஷன் வரிசையில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பாருங்கள். காற்புள்ளிக்குப் பின் ஓர் இடைவெளி விழுந்தாலே போதும். டாக்கர், எல்எக்ஸ்சி கன்டெய்னருக்குள் முயல்பவர்கள் கவனிக்க: சிறப்பு உரிமை இல்லாத கன்டெய்னர் என்எஃப்எஸ்ஸை மவுண்ட் செய்ய முடியாது. வெளியே ஹோஸ்ட்டில் மவுண்ட் செய்து, அந்த ஃபோல்டரை உள்ளே கொடுப்பதுதான் வழி.

அறிகுறி: காத்திருந்து காத்திருந்து "கனெக்‌ஷன் டைம்டு அவுட்"

சர்வர் ஓடுகிறதா என்று பிங் செய்து பார்ப்பார்கள், பதில் வந்துவிடும், "நெட்வொர்க் சரி" என்று முடிவு கட்டுவார்கள். பிங் வந்தால் அந்த ஐபியில் ஏதோ ஒரு கணினி உயிரோடு இருக்கிறது என்பது மட்டும்தான் உறுதி. சர்வருக்கு நிலையான ஐபி கொடுக்காமல் ரவுட்டர் கொடுப்பதை வாங்கிக்கொள்ள விட்டிருந்தால், மின்வெட்டுக்குப் பிறகு 192.168.1.10 வேறு யாரோ ஒருவரின் பிரிண்டராகக்கூட இருக்கலாம். சர்வரின் முன் உட்கார்ந்து "ஐபி ஏ" அடித்து முகவரியை உறுதி செய்யுங்கள்.

அடுத்து, பிங்கை விட்டுவிட்டு நேராக போர்ட்டைத் தட்டுங்கள்:

என்சி -இசட்வி 192.168.1.10 2049

இதன் பதிலைப் பொறுத்து வழி பிரியும்.

*பதிலே இல்லை:* ஃபயர்வால் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் விழுங்குகிறது. சர்வரில் உபுண்டுவின் ஃபயர்வாலான யுஎஃப்டபிள்யூ ஓடினால் உங்கள் சப்நெட்டுக்கு 2049-ஐத் திறங்கள். நாஸ் பெட்டியானால் அதன் நிர்வாகப் பக்கத்தில் தனியாக ஒரு ஃபயர்வால் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால், கிளையன்ட் வைஃபையிலும் சர்வர் கேபிளிலும் இருக்கிறதா? விருந்தினர் வைஃபையில் இணைந்த லேப்டாப் இணையத்துக்குப் போகும், உள்ளே இருக்கும் சர்வரைத் தொடாது.

*"நோ ரூட் டு ஹோஸ்ட்" என்கிறது, ஆனால் பிங் வேலை செய்கிறது:* இது பலரை ரவுட்டர் பக்கம் அனுப்பிவிடும். ரவுட்டரை விடுங்கள். ரெட் ஹேட் குடும்பத்தின் ஃபயர்வால்டி மறுக்கும்போது இப்படித்தான் சொல்லும். என்எஃப்எஸ் சேவையைச் சேர்த்து ரீலோட் செய்யுங்கள். பதிப்பு 3 பயன்படுத்தினால், மவுண்ட் கோரிக்கையைக் கவனிக்கும் மவுண்ட்டி, எந்தச் சேவை எந்த போர்ட்டில் என்று சொல்லும் ஆர்பிசி-பைண்ட் இரண்டையும் சேர்த்துத் திறக்க வேண்டும்.

*போர்ட் திறந்திருக்கிறது, மவுண்ட் மட்டும் தொங்குகிறது:* அநேகமாகப் பதிப்பு 3-இல் முயல்கிறீர்கள். பதிப்பு 4-க்கு 2049 ஒன்றே போதும். பதிப்பு 3 முதலில் 111-ஆம் போர்ட்டில் விசாரித்து, மவுண்ட்டி எந்த போர்ட்டில் இருக்கிறது என்று கேட்டு, அங்கே போகும். ரெட் ஹேட் குடும்பத்தில் அது வழக்கமாக 20048. டெபியனில் ஒவ்வொரு முறையும் வேறு எண் விழலாம். ஃபயர்வாலில் எதைத் திறப்பது? சர்வரின் என்எஃப்எஸ்.கான்ஃப் ஃபைலில் மவுண்ட்டி பகுதியின் கீழ் போர்ட்டை ஓர் எண்ணில் கட்டிவையுங்கள். ஃபைல் பூட்டுக்கான லாக்டி, ஸ்டாட்டி இரண்டுக்கும் அப்படியே. அதைவிட நல்லது, பழைய கருவி எதுவும் இல்லையென்றால் பதிப்பு 4-க்கு மாறிவிடுவது.

ஃபயர்வால் இரண்டு பக்கமும் சரி, ஒரே சுவிட்சில் ஒரு லேப்டாப்பைச் செருகினால் மவுண்ட் ஆகிறது, உங்கள் இடத்திலிருந்து மட்டும் ஆகவில்லை என்றால் இடையில் இருக்கும் சுவிட்சில் விலான் (நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரிக்கும் அமைப்பு) அல்லது அணுகல் விதி இருக்கிறது. அதை நெட்வொர்க் பார்ப்பவரிடம் விடுங்கள். சர்வர் ஐபி, கிளையன்ட் ஐபி, போர்ட் 2049 என்ற மூன்றையும் எழுதிக் கொடுத்தால் அவர் வேலை சீக்கிரம் முடியும்.

அறிகுறி: "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு"

இது நல்ல செய்தி. சர்வர் இருக்கிறது, வழி இருக்கிறது, கதவுக்குப் பின்னால் ஆள்தான் இல்லை. சர்வரில் என்எஃப்எஸ்-சர்வர் சேவையின் நிலையை சிஸ்டம்சிடிஎல் கொண்டு பாருங்கள். நின்றிருந்தால் கிளப்புங்கள், "எனேபிள்" செய்யாமல் "ஸ்டார்ட்" மட்டும் செய்துவிட்டுப் போனவர் யாராவது இருப்பார், அடுத்த மின்வெட்டுக்குப் பிறகு இதே கதை திரும்பும். கிளம்ப மறுத்தால், எதை யாருக்குப் பகிர்வது என்று எழுதும் எக்ஸ்போர்ட்ஸ் ஃபைலில் எழுத்துப் பிழையா என்று பாருங்கள், ஜர்னல்சிடிஎல் வரி எண்ணோடு சொல்லும்.

அறிகுறி: "ஆக்சஸ் டினைடு பை சர்வர்"

இதில்தான் அதிக நேரம் வீணாகும், அதுவும் தவறான இடத்தில். ஃபோல்டரின் அனுமதியை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஃபோல்டர் அனுமதி என்பது மவுண்ட் ஆன பிறகு வரும் பிரச்சினை. இங்கே சர்வர் சொல்வது, "இந்த முகவரியிலிருந்து வருகிறவருக்கு இந்தப் பாதை என் பட்டியலில் இல்லை" என்பது. பட்டியலில் முகவரி, பாதை இரண்டில் ஒன்று தப்பு.

எக்ஸ்போர்ட்ஸ் ஃபைலைத் திருத்திவிட்டு "எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -ஆர்ஏ" ஓட்டினீர்களா? ஃபைலில் எழுதுவது மட்டும் போதாது. பிறகு "எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -வி" ஓட்டுங்கள். ஃபைலில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, சர்வர் இப்போது என்ன பகிர்ந்துகொண்டிருக்கிறது என்பதே முக்கியம். கிளையன்டிலிருந்து "ஷோமவுண்ட் -இ 192.168.1.10" அடித்தும் பார்க்கலாம். ஆனால் பதிப்பு 4 மட்டும் ஓடும் சர்வர் இதற்குப் பதில் சொல்லாது. பதில் வரவில்லை என்பதற்காகப் பகிர்வே இல்லை என்று நினைக்க வேண்டாம்.

பட்டியல் சரியாக இருக்கிறது, மறுப்பும் தொடர்கிறது என்றால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கிளையன்ட் எந்த முகவரியில் சர்வருக்குத் தெரிகிறது? நீங்கள் நினைக்கும் முகவரியாக அது இருக்காது. லேப்டாப்பில் கேபிளும் வைஃபையும் இரண்டும் இணைந்திருந்தால் எதன் வழியாகப் போகிறது என்று "ஐபி ரூட் கெட் 192.168.1.10" சொல்லும். சர்வரைப் பெயர் சொல்லி அழைத்தால் ஐபிவி6 முகவரியில் போய் நிற்கலாம்; எக்ஸ்போர்ட்ஸ் ஃபைலிலோ ஐபிவி4 மட்டும்தான். ஒரு முறை எண் முகவரி கொடுத்து மவுண்ட் செய்து பாருங்கள், அது ஓடினால் இதுதான் காரணம்.

எக்ஸ்போர்ட்ஸில் கிளையன்டின் பெயரை எழுதியிருந்தால் இன்னொரு தொல்லை. சர்வர் வந்த ஐபியைப் பெயராக மாற்றிப் பார்க்கும். டிஎன்எஸ்ஸில் திரும்பு பதிவு இல்லையென்றால் பெயர் பொருந்தாது. சின்ன இடங்களில் பெயரை விட்டுவிட்டு ஐபியோ சப்நெட்டோ எழுதுவதே நிம்மதி.

சர்வரின் வாயைத் திறக்க வைக்க ஒரு வழி உண்டு. கிளையன்டில் வெர்ஸ்=3 (பதிப்பு 3 என்று சொல்லும் ஆப்ஷன்) போட்டு ஒரே ஒரு முறை முயன்றுவிட்டு, சர்வரின் லாக்கில் மவுண்ட்டி என்று தேடுங்கள். எந்த முகவரியிலிருந்து வந்த கோரிக்கையை எந்தப் பாதைக்காக மறுத்தேன் என்று எழுதியிருக்கும், காரணத்தோடு. "அன்மேட்ச்டு ஹோஸ்ட்" என்றால் முகவரி பட்டியலில் இல்லை. "இல்லீகல் போர்ட்" என்றால் கோரிக்கை 1024-க்கு மேற்பட்ட போர்ட்டிலிருந்து வந்திருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸில் நாட் நெட்வொர்க்கோடு ஓடும் கணினிகள் இதில் மாட்டும். பிரிட்ஜ் நெட்வொர்க்குக்கு மாற்றுங்கள். மேக் கணினிகளும் இப்படித்தான், அங்கே "ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்" என்று வரும். மேக் பக்கம் ரெஸ்வ்போர்ட் என்ற ஆப்ஷனைச் சேர்த்தால் தீர்ந்தது. எக்ஸ்போர்ட்ஸில் இன்செக்யூர் என்று எழுதியும் தீர்க்கலாம், எனக்கு அது இரண்டாம் பட்சம்.

கடைசியாக, பகிர்கிற ஃபோல்டர் எந்த வகை ஃபைல் சிஸ்டத்தில் இருக்கிறது? எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் இரண்டிலும் தொல்லை இல்லை. ஃப்யூஸ் வழியாக வந்தவை, டாக்கரின் ஓவர்லே போன்றவை "என்எஃப்எஸ் எக்ஸ்போர்ட்டை ஆதரிக்கவில்லை" என்று எக்ஸ்போர்ட்எஃப்எஸ் ஓட்டும்போதே சொல்லும், நாம்தான் திரையைப் பார்ப்பதில்லை. சிலவற்றுக்கு எக்ஸ்போர்ட்ஸ் வரியில் எஃப்எஸ்ஐடி= என்று ஓர் அடையாள எண் கொடுத்தால் போதும். மற்றவற்றுக்கு டேட்டாவை வேறு டிஸ்க்குக்கு நகர்த்துவதைத் தவிர வழி இல்லை.

டிக்கெட் கொடுத்து ஆளை உறுதிசெய்யும் கெர்பராஸ் பாதுகாப்போடு ஓடும் இடமானால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். வழக்கமான அமைப்பில் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டிக்கெட் செல்லாது. கடிகாரம் சரி, கணினியின் சாவியை வைத்திருக்கும் கீடேப் ஃபைலும் இடத்தில் இருக்கிறது, ஆர்பிசி-ஜிஎஸ்எஸ்டி சேவையும் ஓடுகிறது என்றால், அதற்கு மேல் அந்தக் கெர்பராஸ் சர்வரை நிர்வகிப்பவரின் வேலை.

அறிகுறி: "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி"

செய்தியை முழுதாகப் படியுங்கள். "மவுண்ட் பாயின்ட் இல்லை" என்றால் கிளையன்டில் /பொது என்ற ஃபோல்டரை உருவாக்கவில்லை, அவ்வளவுதான். சர்வர் சொன்னதாக வந்தால் பாதை தவறு. எக்ஸ்போர்ட்ஸில் ஏதாவது ஒரு வரியில் எஃப்எஸ்ஐடி=0 இருக்கிறதா? இருந்தால் பதிப்பு 4-க்கு அந்த ஃபோல்டரே வேர். /டேட்டாவுக்கு எஃப்எஸ்ஐடி=0 கொடுத்திருந்தால் கிளையன்ட் 192.168.1.10:/ என்றுதான் கேட்க வேண்டும். /டேட்டா என்று கேட்டால் கிடைக்காது. பழைய வழிகாட்டிகளைப் பார்த்து எழுதிய எக்ஸ்போர்ட்ஸ் ஃபைல்களில் இது இன்னும் உயிரோடு இருக்கிறது. இன்றைய லினக்ஸ் சர்வருக்கு அந்த வரி தேவையில்லை.

அறிகுறி: "புரோட்டோகால் நாட் சப்போர்ட்டட்"

இரண்டு பக்கமும் பொதுவான பதிப்பு இல்லை. புதிய கிளையன்ட் 4.2-இல் தொடங்கிக் கீழே இறங்கி வரும், பழைய நாஸ் பெட்டிக்கு 3 மட்டும்தான் தெரியும். வெர்ஸ்=3 என்று வெளிப்படையாகக் கொடுங்கள். பெட்டியின் நிர்வாகப் பக்கத்தில் பதிப்பு 4-ஐ இயக்கும் வசதி இருந்தால் அதைச் செய்வது இன்னும் நல்லது. பூட்டில் மவுண்ட் ஆக வேண்டியவற்றை எழுதும் எஃப்எஸ்டேப் ஃபைலில் புரோட்டோ=யுடிபி என்று பழங்காலத்து வரி இருந்தால் எடுத்துவிடுங்கள். லினக்ஸ் கெர்னல் 5.6 முதல் என்எஃப்எஸ்ஸுக்கு யுடிபி இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது.

பதிப்பு 3-க்கு இறங்கியதும் "ஆர்பிசி.ஸ்டாட்டி ஓடவில்லை" என்று வந்தால், அந்தச் செய்தியே நோலாக் போடச் சொல்லி ஆசை காட்டும். ஸ்டாட்டியைக் கிளப்புங்கள். நோலாக் போட்டால் இரண்டு பேர் ஒரே ஃபைலில் எழுதும்போது தடுக்க ஆள் இருக்காது.

அறிகுறி: மவுண்ட் ஆகிறது, எழுத முடியவில்லை

இதில் வரும் செய்தியைப் பொறுத்து மூன்று கிளை.

*"ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்":* எக்ஸ்போர்ட்ஸ் வரியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பாருங்கள். கீழே இருப்பவற்றில் முதல் வரி சரி, இரண்டாவது தவறு:

/டேட்டா 192.168.1.0/24(ஆர்டபிள்யூ,சிங்க்)
/டேட்டா 192.168.1.0/24 (ஆர்டபிள்யூ,சிங்க்)

வித்தியாசம் அடைப்புக்குறிக்கு முன் ஓர் இடைவெளி. அந்த இடைவெளியால் உங்கள் சப்நெட்டுக்குப் படிக்கும் உரிமை மட்டும் கிடைக்கிறது. எழுதும் உரிமை உலகத்திலுள்ள மற்ற எல்லோருக்கும் போகிறது. பிழை என்று எந்தச் சேவையும் நிற்காது, அதுதான் இதன் விஷமம். இதைக் கண்டுபிடித்தால் எழுத முடியாததைவிட, இத்தனை நாள் யார் யாருக்குத் திறந்திருந்தது என்பதைப் பற்றிக் கவலைப்படுங்கள்.

*"பெர்மிஷன் டினைடு", அதுவும் சூடோ போட்டும்:* கிளையன்டின் ரூட்டுக்குச் சர்வரில் எந்த அதிகாரமும் இல்லை, அதை நோபடி என்ற பயனராகத்தான் சர்வர் நடத்தும். இதற்கு ரூட் ஸ்குவாஷ் என்று பெயர், இது கோளாறு இல்லை, காவல். சவுன் கட்டளை தோற்பதும் இதனால்தான். உரிமையாளரை மாற்ற வேண்டுமானால் சர்வரில் உட்கார்ந்து மாற்றுங்கள். நோ_ரூட்_ஸ்குவாஷ் போட்டால் எந்தக் கிளையன்டில் யாருக்கு ரூட் இருக்கிறதோ அவரெல்லாம் சர்வரின் அந்த ஃபோல்டரில் ராஜா. மாணவர்கள் யுஎஸ்பியில் லினக்ஸ் கொண்டுவந்து பூட் செய்யும் லேப்பில் இதை எழுதுவது வினையை விலைக்கு வாங்குவது.

சாதாரணப் பயனருக்கும் மறுப்பு வந்தால் இரண்டு பக்கமும் "ஐடி" அடித்து எண்களை ஒப்பிடுங்கள். கிளையன்டில் 1001, சர்வரில் 1003 என்றால் பெயர் ஒன்றாக இருந்து பயன் இல்லை. வழக்கமான சிஸ் பாதுகாப்பில் சர்வர் பார்ப்பது எண்ணை மட்டுமே. எண்ணும் பொருந்துகிறது, குழுவின் வழியாகக் கிடைக்க வேண்டிய உரிமை மட்டும் வேலை செய்யவில்லை என்றால், அந்தப் பயனர் 16-க்கு மேற்பட்ட குழுக்களில் இருக்கிறாரா என்று எண்ணுங்கள். கோரிக்கையில் 16 குழுக்களுக்குத்தான் இடம், மிச்சம் வெட்டுப்படும். சர்வரின் மவுண்ட்டி அமைப்பில் மேனேஜ்-ஜிட்ஸ் என்பதை இயக்கினால் குழுக்களைச் சர்வரே தன் பட்டியலில் பார்த்துக்கொள்ளும்.

*எல்லா ஃபைலுக்கும் உரிமையாளர் "நோபடி" என்று தெரிகிறது:* இரண்டு பக்கத்திலும் ஐடிமேப்டி.கான்ஃப் ஃபைலில் டொமைன் பெயர் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். மாற்றிய பின் "என்எஃப்எஸ்ஐடிமேப் -சி" கொண்டு பழைய நினைவை அழிக்காவிட்டால், சரிசெய்த பிறகும் நோபடியே தெரிந்து குழப்பும்.

ரெட் ஹேட் குடும்பத்தில் ஷெல்லில் படிக்க முடிகிறது, அப்பாச்சி வெப் சர்வர் மட்டும் மறுக்கிறது என்றால், தடுப்பது எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் காவல். ஹெச்டிடிபிடி_யூஸ்_என்எஃப்எஸ் என்ற சுவிட்சைப் போடுங்கள். எஸ்இலினக்ஸையே அணைக்க வேண்டியதில்லை.

அறிகுறி: மவுண்ட் ஆகிறது, ஃபோல்டர் காலி

பயப்படும் முன் சர்வரில் "டிஎஃப் /டேட்டா" அடியுங்கள். /டேட்டா தனி டிஸ்க் என்றால், அந்த டிஸ்க் ஏறும் முன்பே என்எஃப்எஸ் கிளம்பி, அடியில் இருக்கும் வெற்று ஃபோல்டரைப் பகிர்ந்துகொண்டிருக்கும். இந்த நிலையில் யாரையும் எழுத விடாதீர்கள், எழுதியது சர்வரின் சிஸ்டம் டிஸ்க்கில் போய் விழும். டிஸ்க்கை ஏற்றி, எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -ஆர்ஏ ஓட்டி, கிளையன்டில் கழற்றி மாட்டுங்கள். எக்ஸ்போர்ட்ஸ் வரியில் மவுண்ட்பாயின்ட் என்ற ஆப்ஷனைச் சேர்த்துவிட்டால் டிஸ்க் ஏறாதபோது பகிரவே பகிராது.

மேல் ஃபோல்டரில் எல்லாம் தெரிந்து உள்ளே ஒன்று மட்டும் காலி என்றால், அது சர்வரில் தனி டிஸ்க்காக மாட்டப்பட்டது. மேல் ஃபோல்டரின் எக்ஸ்போர்ட்ஸ் வரியில் கிராஸ்எம்என்டி சேர்க்க வேண்டும்.

அறிகுறி: கையால் செய்தால் ஆகிறது, பூட் ஆகும்போது ஆவதில்லை

முதலில் "மவுண்ட் -ஏ" அடியுங்கள். அதிலேயே தோற்றால் எஃப்எஸ்டேப் வரியில் பிழை. பூட்டைக் குறை சொல்ல வேண்டாம். அதில் ஆகிறது என்றால், நெட்வொர்க் எழும் முன் மவுண்ட் ஓடுகிறது. இது நெட்வொர்க் மவுண்ட் என்று சொல்லும் _நெட்டெவ் ஆப்ஷனைச் சேர்க்கச் சொல்வார்கள். வகை என்எஃப்எஸ் என்று எழுதியிருந்தால் சிஸ்டம்டி அதை நெட்வொர்க் மவுண்ட்டாகவே எடுத்துக்கொள்ளும். சேர்ப்பதால் கெடுதல் இல்லை, பெரிய பலனும் இல்லை. வைஃபை கணினியில் பல நேரம் பயனர் உள்நுழைந்த பிறகுதான் நெட்வொர்க்கே வரும், அங்கே _நெட்டெவ் என்ன செய்ய முடியும்?

நான் எல்லா இடத்திலும் எழுதுவது எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட், கூடவே நோஃபெயில். யாராவது /பொது ஃபோல்டரைத் தொடும்போதுதான் மவுண்ட் நடக்கும். சர்வர் அணைந்திருந்தாலும் கணினி காத்துக்கிடக்காமல் எழுந்துவிடும். எஃப்எஸ்டேபை மாற்றியதும் சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட் செய்ய மறக்காதீர்கள்.

அறிகுறி: "ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்"

கிளையன்ட் பிடித்துக்கொண்டிருந்த ஃபோல்டர் சர்வரில் இப்போது அதே ஃபோல்டர் இல்லை. யாரோ அழித்து அதே பெயரில் மறுபடி உருவாக்கியிருப்பார்கள், அல்லது டிஸ்க் மாறியிருக்கும், பேக்கப்பிலிருந்து மீட்டிருப்பார்கள். அந்த ஃபோல்டரை விட்டு வெளியே வந்து, யுமவுண்ட் செய்து மறுபடி மவுண்ட் செய்தால் போதும். "பிசி" என்று மறுத்தால் "ஃப்யூசர் -விஎம் /பொது" யார் உட்கார்ந்திருக்கிறார் என்று காட்டும், பெரும்பாலும் மறந்துபோன ஒரு டெர்மினல். சர்வரை ரீஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் இது வந்தால் எக்ஸ்போர்ட்ஸ் வரியில் எஃப்எஸ்ஐடி=-க்கு ஒரு நிலையான எண் கொடுங்கள்; பூஜ்ஜியம் வேண்டாம், மேலே சொன்ன காரணத்துக்காக.

அறிகுறி: ஓடிக்கொண்டிருந்தது, உறைந்துவிட்டது

டிஎஃப் அடித்தால் அதுவும் தொங்கும், ஏனென்றால் அது செத்த மவுண்ட்டையும் விசாரிக்கப் போகிறது. எது மாட்டியிருக்கிறது என்று பார்க்க ஃபைண்ட்எம்என்டி போதும், அது சர்வரைத் தொடாது.

சர்வரை இப்போதுதான் ரீஸ்டார்ட் செய்தீர்களா? பதிப்பு 4 சர்வர் எழுந்ததும் சுமார் 90 விநாடி பழைய கிளையன்ட்கள் தங்கள் பூட்டுகளை மீட்டுக்கொள்ள ஒதுக்கும். அதுவரை புதிதாக ஃபைல் திறப்பது நிற்கும். கை கட்டிக்கொண்டு காத்திருங்கள்.

சர்வர் திரும்பி வரவே போவதில்லை என்றால் "யுமவுண்ட் -எஃப்", அதற்கும் மசியாவிட்டால் "யுமவுண்ட் -எல்". பின்னது பெயரைத்தான் நீக்குகிறது. மாட்டிக்கொண்ட நிரல்களை கில் -9 போட்டுத்தான் விடுவிக்க வேண்டும். சாஃப்ட் மவுண்ட் போட்டால் இப்படித் தொங்காது என்பார்கள், உண்மைதான். எழுதிக்கொண்டிருந்த ஃபைல் பாதியில் உடைந்து, அதை நிரல் கவனிக்காமலும் போகலாம். படிக்க மட்டும் திறந்த மவுண்ட்டுக்கு சாஃப்ட் சரி. எழுதுகிற இடத்தில் வேண்டாம்.

*சிறிய ஃபோல்டரில் எல்எஸ் வருகிறது, பெரியதில் தொங்குகிறது:* எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, பொருந்தவில்லை. யாரோ ஒரு பக்கம் 9000 வைத்துவிட்டு இடையில் உள்ள சுவிட்சை மறந்திருக்கிறார்கள். "பிங் -எம் டூ -எஸ் 8972 192.168.1.10" (எம் பெரிய எழுத்தில், டூ என்பது do) போகாமல் 1472 மட்டும் போனால் உறுதி. எல்லா இடத்திலும் 1500-க்குத் திரும்புங்கள்.

*ஒரு கணினி எழுந்தால் இன்னொன்று தடுமாறுகிறது:* ஒரே இமேஜிலிருந்து குளோன் செய்த லேப்களில் இது அடிக்கடி வரும். "ஹோஸ்ட்நேம்" அடித்துப் பாருங்கள். பதிப்பு 4.1 முதல் கிளையன்ட் தன்னை அடையாளம் காட்டுவது ஹோஸ்ட்நேமை வைத்து. எல்லாமே "உபுண்டு" என்று சொன்னால், அதே கணினி ரீபூட் ஆகி வந்திருப்பதாகச் சர்வர் நினைத்து முன்னதன் பூட்டுகளையெல்லாம் தூக்கி எறியும். சர்வரையும் சுவிட்சையும் மாற்றிய பிறகுகூட இது தொடர்வதுண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் கொடுத்து ரீபூட் செய்யுங்கள், செலவு ஒன்றும் இல்லை.

*எல்லாக் கிளையன்டும் ஒரே நேரத்தில் உறைந்து, கொஞ்ச நேரத்தில் விட்டு, மறுபடி உறைகின்றன:* சர்வரில் டிமெசேஜ் பாருங்கள். "ஐ/ஓ எர்ரர்" என்று வரிகள் ஓடினால் இது என்எஃப்எஸ் பிரச்சினையே இல்லை, டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. "ஸ்மார்ட்சிடிஎல் -ஏ" கொடுத்து, மாற்றப்பட்ட செக்டர்களும் மாற்றக் காத்திருக்கும் செக்டர்களும் எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். எஃப்எஸ்சிகே ஓட்டாதீர்கள், ரீபூட் செய்து பார்க்கவும் வேண்டாம். எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -யுஏ ஓட்டிப் பகிர்வை நிறுத்திவிட்டு, பேக்கப்பில் இல்லாதவற்றை மட்டும் முதலில் வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். நகலெடுக்கும்போதே தொங்கினால் அல்லது டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் சர்வரை அணைத்துவிட்டு டேட்டா மீட்பு செய்பவரைக் கூப்பிடுங்கள். ரெய்டு அமைப்பானால் எந்த டிஸ்க் எந்த ஸ்லாட்டில் இருந்தது என்று கழற்றும் முன் எழுதி ஒட்டிவிடுங்கள், அவர் முதலில் கேட்பது அதைத்தான்.